லிப்விப்ஸ் பட லைப்ரரி: மூல நிரலிலிருந்து நானே பில்டு செய்து, சோதித்து, ஓராண்டு ஓட்டிப் பார்த்த பிறகு

பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து வைக்கும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். ஸ்கேன் எடுப்பது ஒருவர், பெயர் வைத்து அடுக்குவது இன்னொருவர். அதற்குப் பிறகு வரும் வேலையெல்லாம், அதாவது சிறிதாக்குவது, நிறத்தைச் சரிசெய்வது, இணையத்தில் வைக்கிற மாதிரி மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. பைத்தானில் பில்லோ லைப்ரரியை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 4,960க்கு 7,016, சுமார் 3.5 கோடி பிக்சல் வரும். பிக்சலுக்கு மூன்று பைட் என்று வைத்தால் ரேமில் 104 எம்பி. 8 ஜிபி லேப்டாப்புக்கு இது ஒரு சுமையே இல்லை.

அப்புறம் ஒருவர் வீட்டிலிருந்து பழைய கிராம வரைபடங்கள் வந்தன. துணியில் ஒட்டி, வருடக்கணக்காக மடித்து வைத்து, மடிப்போரம் எல்லாம் கிழிந்துபோன ஏ0 அளவுத் தாள்கள். பிளான் பிரிண்ட் போடும் கடையில் கொடுத்து அதே 600 டிபிஐயில் எடுத்தோம். 19,866க்கு 28,087 பிக்சல், கிட்டத்தட்ட 56 கோடி. பில்லோ திறக்கவே மறுத்தது. அது பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு: சின்னக் கோப்புக்குள் ராட்சசப் படத்தைச் சுருட்டி அனுப்பி சர்வரைக் கவிழ்ப்பவர்கள் இருப்பதால், சுமார் 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் நிறுத்திவிடும். அந்த வரம்பை எடுத்துவிட முடியும், எடுத்தேன். ஆனால் படம் ஒன்றே 1.67 ஜிபி. அதைத் திருப்பினால் இன்னொரு 1.67 ஜிபி, நிறம் மாற்றினால் மறுபடி ஒன்று. ரேம் போதாமல் லேப்டாப் டிஸ்கையே ரேமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குப் போய் மௌஸ்கூட நகராமல் நின்றுவிட்டது.

அதனால்தான் லிப்விப்ஸ் பக்கம் வந்தேன். பெயர் முன்பே தெரியும். நோட் ஜேஎஸ் எழுதுகிறவர்கள் படத்துக்குப் பயன்படுத்தும் ஷார்ப் இதன் மேல்தான் நிற்கிறது, ரூபி ஆன் ரெயில்ஸும் 7ஆம் பதிப்பிலிருந்து படங்களைச் சிறிதாக்க இயல்பாகவே இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இது எங்கே பிறந்தது என்று படித்தபோதுதான் நமக்கு ஏற்ற இடம் என்று தோன்றியது. 1989இல் ஐரோப்பிய நிதியில் வசாரி என்று ஒரு திட்டம் தொடங்கியது. லண்டன் நேஷனல் கேலரி, பர்க்பெக் கல்லூரி போன்றவை அதில் இருந்தன. ஓவியங்களின் நிறம் வருடங்கள் போகப் போக எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் அளந்து சொல்ல வேண்டும், அதற்கு ஓவியத்தை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்ய வேண்டும். அப்படி வந்த படங்கள் அன்றைய கணினியின் நினைவகத்துக்குள் எந்த வகையிலும் நுழையாது. நுழையாத படத்தையும் கையாள வேண்டும் என்ற கட்டாயத்தில் ஜான் கியூபிட், கர்க் மார்ட்டினெஸ் ஆகியோர் எழுதத் தொடங்கியதுதான் இந்த லைப்ரரி. முப்பது வருடம் கழித்து என் வரைபடத்துக்கும் அதே பிரச்சினைதான்.

இது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போகும் நல்லது கெட்டது எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. மற்ற லைப்ரரிகளில் பெரும்பாலும் படம் முழுவதையும் ரேமில் ஏற்றி, முழுப் படத்துக்கும் முதல் வேலையைச் செய்து, வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது வேலைக்குப் போகிறோம். கல்யாணச் சமையல் மாதிரி, எல்லாம் அண்டா அண்டாவாக. லிப்விப்ஸ் கேட்கக் கேட்கத் தோசை வார்க்கிற கடை. "வெட்டு, சிறிதாக்கு, கூர்மையாக்கு" என்று சொல்லும்போது எதையும் செய்யாது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். கடைசியில் கோப்பாக எழுதச் சொல்லும்போது, எழுதுகிற பக்கத்திலிருந்து "எனக்கு இந்தத் துண்டு வேண்டும்" என்று கேள்வி வரும், அந்தத் துண்டுக்குத் தேவையான அளவு பிக்சல் மட்டும் மூலப் படத்திலிருந்து வரும். ஒரே நேரத்தில் ஓடும் வேலைக்கிளைகளான த்ரெடுகள் ஒவ்வொன்றும் தன் துண்டுக்கு முழு வேலையையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தானே செய்துவிடும். அதனால் 1.67 ஜிபி வரைபடத்தைச் சிறிதாக்கும்போது ரேமில் சில நூறு எம்பிக்கு மேல் ஏறுவதில்லை. இதை நம்பிக்கையில் சொல்லவில்லை. நினைவகக் கசிவைப் பார்க்கும் லீக் சோதனை ஆப்ஷனைப் போட்டு ஓட்டினால் வேலை முடிந்ததும் நினைவகம் அதிகபட்சம் எவ்வளவு உயர்ந்தது என்று அதுவே ஒரு வரி அச்சிடும்.

சரி, பில்டு. என் லேப்டாப்பில் உபுண்டு 22.04. அதில் கிடைக்கும் லிப்விப்ஸ் பதிப்பு 8.12. அது போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்த எந்த வடிவத்துக்கு ஆதரவு இருக்கிறது, எது இல்லை என்பதை நானே முடிவுசெய்ய வேண்டும், அது தவிர இதன் சோதனைகளை நம் கணினியில் ஓட்டிப் பார்க்காமல் திரும்பக் கிடைக்காத ஸ்கேன்களை ஒப்படைக்க மனம் வரவில்லை. மூலக் கோப்பாக 8.15 வரிசையை இறக்கினேன். 8.13இலிருந்து பில்டு செய்யும் கருவியில் பழைய ஆட்டோடூல்ஸை விட்டுவிட்டு மீசனுக்கு மாறிவிட்டார்கள், அதனால் வலையில் கிடைக்கும் பழைய வழிமுறைகளில் "கான்ஃபிகர், மேக்" என்று இருந்தால் அதை மூடிவிடுங்கள். மீசனில் செட்டப், கம்பைல், டெஸ்ட், இன்ஸ்டால் என்று நான்கே கட்டளை. சி மொழி, கூடவே கொஞ்சம் சி++. லேப்டாப்பிலேயே ஒரு டீ குடித்து வருவதற்குள் கம்பைல் முடிந்துவிடும். முன்பு ஓப்பன்சிவி என்ற பெரிய பட லைப்ரரியை மூலத்திலிருந்து பில்டு செய்தவன் என்பதால் இது எனக்குப் பெரிய நிம்மதி. அங்கே சோதனைப் படங்களைத் தனியாக இன்னொரு களஞ்சியத்திலிருந்து இறக்கி, பாதையையும் சொல்லித் தர வேண்டும். இங்கே சோதனைப் படங்கள் மூலக் கோப்போடேயே வந்துவிடுகின்றன.

கட்டாயத் தேவை என்று பார்த்தால் ஜிலிப், எக்ஸ்பேட் என்ற இரண்டுதான். மற்றதெல்லாம் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், வெப்பி, ஹைக், ஜேபெக் எக்ஸ்எல், எஸ்விஜி, பிடிஎஃப் என்று ஒவ்வொன்றும் தனித்தனி லைப்ரரியிலிருந்து வருகிறது. இங்கேதான் எனக்கு முதல் குறை. அந்த "விட்டுவிடுவது" ரொம்ப அமைதியாக நடக்கிறது. செட்டப் முடிந்ததும் நீளமாக ஒரு பட்டியல் அச்சாகும்: எந்த வசதி, எந்த லைப்ரரி, கடைசியில் யெஸ் அல்லது நோ. டெர்மினலில் பச்சையும் சிவப்புமாக வரும். பிழை எதுவும் இல்லை என்பதால் கண் அதைத் தாண்டி அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறது. முதல் தடவை எனக்கு நிற சுயவிவரத்தைக் கையாளும் எல்சிஎம்எஸ் வரியில் நோ இருந்தது. அதன் டெவலப்மென்ட் தொகுப்பை நான் நிறுவவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து ஸ்கேன்களை இணையத்தின் வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் வரிக்கு வந்தபோதுதான் நின்றது. நின்றதால் தெரிந்தது. வேகத்துக்கான ஹைவே அல்லது ஆர்க் இல்லாமல் பில்டு செய்தால் அதுகூடத் தெரியாது. சாதாரண சி நிரலில் அதே வேலையை மெதுவாகச் செய்துகொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து மீசனிலேயே இருக்கிறது. தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதிகள் எல்லாவற்றையும் ஒரே ஆப்ஷனில் அணைத்துவிட்டு, உங்களுக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக "எனேபிள்டு" என்று எழுதிக் கொடுங்கள். அப்போது அந்த லைப்ரரி இல்லாவிட்டால் செட்டப்பே தோல்வியடையும், பின்னால் வந்து இடறாது. இப்போது நான் இப்படித்தான் செய்கிறேன். டிஃப், ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி, எல்சிஎம்எஸ், படத்தில் எழுத்து எழுத பாங்கோ, ஐபோன் படங்களுக்கு ஹைக். எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். தேவையில்லாத வடிவங்களைத் திறக்கும் நிரல் உள்ளே இல்லாமல் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

ஹைக் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் பட்டியலில் யெஸ் இருந்தும் ஏமாந்தேன். குழுவில் ஒருவர் ஐபோனில் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவார். அவருடைய கணினியில் உபுண்டு 24.04, அங்கேயும் பில்டு செய்து கொடுத்தேன். ஹைக்கைத் திறக்கும் லிப்ஹைஃப் இருக்கிறது, யெஸ் என்று வந்தது, ஆனால் கோப்பு திறக்கவில்லை. ஹைக் என்பது வெறும் உறை. உள்ளே இருக்கும் படத்தைப் பிரிக்க, சுருக்க கோடெக் என்ற வேறு நிரல் வேண்டும், புதிய உபுண்டுவில் அந்தக் கோடெக்குகள் லிப்ஹைஃபின் பிளக்இன்களாகத் தனித்தனித் தொகுப்பில் இருக்கின்றன. பில்டு நேரத்தில் உறையைத்தான் பார்க்க முடியும், பிளக்இன் வந்து சேர்ந்ததா என்பது ஓடும்போதுதான் தெரியும். லிப்விப்ஸைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. யெஸ் என்று வந்தாலும் ஒரு உண்மையான கோப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி சோதனை. இந்த லைப்ரரியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

இரண்டு அடுக்காக இருக்கிறது. மீசன் டெஸ்ட் என்று அடித்தால் சின்னச் சின்ன ஷெல் ஸ்கிரிப்டுகளும் சி நிரல்களும் ஓடும். கட்டளை வரி ஒழுங்காக வேலை செய்கிறதா, ஒரு வடிவத்தில் எழுதித் திரும்பப் படித்தால் படம் மாறாமல் வருகிறதா, கோப்பு விவரிப்பான்களை மூடாமல் விட்டுவிடுகிறதா என்ற மாதிரி. இதில் த்ரெட் சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே வேலையை ஒரு த்ரெடில் செய்து, அப்புறம் வெவ்வேறு எண்ணிக்கை த்ரெடுகளில் செய்து, இரண்டு படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கும். வித்தியாசம் இருக்கவே கூடாது. படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கை வேலை பார்க்கும் லைப்ரரியில், துண்டுகள் சேரும் ஓரத்தில் ஒரு பிக்சல் கோடு தப்பாக வந்துவிடுமோ என்பதுதான் எனக்கு இருந்த முதல் பயம். அதையே அவர்கள் முதலில் சோதிக்கிறார்கள்.

இரண்டாவது அடுக்கு பைத்தானில். லிப்விப்ஸைப் பைத்தானிலிருந்து அழைக்கும் பைவிப்ஸ் மூலம், பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஓடுகிறது. கணக்கு, நிறம், உருமாற்றம், வரைதல், ஹிஸ்டோகிராம், கோப்பு வடிவங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. கணக்குச் செயல்களுக்கான கோப்பைத் திறந்து படித்தேன். கூட்டல் சரியா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? படத்தில் 50,50 என்ற இடத்தில் இருக்கும் பிக்சலின் எண்ணை எடுக்கிறார்கள், அந்த எண்ணோடு பைத்தானிலேயே கூட்டிப் பார்க்கிறார்கள். பிறகு முழுப் படத்துக்கும் லிப்விப்ஸில் கூட்டி, அதே 50,50 இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று எடுத்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். இன்னொரு தடவை 10,10 என்ற இடத்தில். இதை 8 பிட் முழு எண்ணிலிருந்து சிக்கலெண் வரை உள்ள பத்து வகைப் பிக்சல் வடிவங்களுக்கும் செய்கிறார்கள். எதிர்பார்க்கும் விடையை எங்கேயோ ஒரு கோப்பில் சேமித்து வைத்து ஒப்பிடும் முறையைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் விடை எங்கிருந்து வந்தது என்று கேள்வியே எழாது. ஐந்து நிமிடம் படித்தால் யாருக்கும் புரியும். பட லைப்ரரி ஒன்றை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவர்களுக்கு இந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டுவேன்.

இந்தச் சோதனையில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், பலரும் செய்யக்கூடியது. முதல் தடவை ஓட்டியபோது எல்லாம் பச்சை. சந்தோஷமாக வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காகப் பைத்தானில் வெர்ஷன் எண்ணை அச்சிட்டுப் பார்த்தால் 8.12 என்றது. நான் பில்டு செய்தது 8.15. என் ஹோம் ஃபோல்டரில் நிறுவியிருந்தேன், லைப்ரரி தேடும் பாதையை அந்த டெர்மினலில் அமைக்கவில்லை, பைவிப்ஸ் உபுண்டுவோடு வந்த பழையதை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆக, பில்டு செய்த லைப்ரரியை நான் சோதிக்கவே இல்லை. பைவிப்ஸை அதன் பைனரி தொகுப்போடு சேர்த்து நிறுவினாலும் இதே கதைதான், அதற்குள்ளேயே ஒரு லிப்விப்ஸ் வந்துவிடும், சோதனை அதன்மேல் ஓடும். சோதனை ஓட்டும் முன் வெர்ஷன் எண்ணை அச்சிடும் ஒரு வரியை இப்போது ஸ்கிரிப்டின் தலையிலேயே வைத்திருக்கிறேன். உபுண்டு, டெபியனில் மீசன் லைப்ரரியை உள்ளே இன்னொரு அடுக்கு ஃபோல்டரில் போய் வைக்கும். ஹோமில் நிறுவுகிறவர்கள் லிப்டிர் ஆப்ஷனில் வெறும் லிப் என்று கொடுத்துவிட்டால் பாதை அமைக்கும் குழப்பம் பாதி குறையும்.

சரியான லைப்ரரியைக் காட்டி மறுபடி ஓட்டினேன். மறுபடி பச்சை. ஆனால் கடைசி வரியில் பாஸ் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஸ்கிப் என்று ஒரு எண்ணும் இருந்தது. ஏன் என்று காட்டச் சொல்லும் ஆப்ஷனைப் போட்டு ஓட்டியபோதுதான், நம் பில்டில் இல்லாத வடிவங்களுக்கான சோதனைகளை அது தாண்டிப் போகிறது என்று தெரிந்தது. நியாயம்தான், இல்லாத வசதியை எப்படிச் சோதிப்பது. ஆனால் பில்டு பட்டியலில் நோ வந்ததைக் கவனிக்காமல் விட்டவருக்கு, இங்கேயும் அது பச்சை நிறத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொள்கிறது. ஒரே ஓட்டை, இரண்டு இடத்தில் அமைதியாகத் தாண்டப்படுகிறது. அதனால் ஸ்கிப் பட்டியலை வரி வரியாகப் படித்து, "இது எனக்கு வேண்டாம், இதுவும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்ட பிறகே நான் பில்டு முடிந்தது என்று சொல்கிறேன்.

இதற்கு மேல் நானாக இரண்டு சோதனை சேர்த்தேன். ஒன்று, எங்கள் சொந்த ஸ்கேன்களில் இருபதை எடுத்து, படத்தைக் கட்டம் கட்டமாகச் சேமிக்கும் டைல் டிஃபாக இழப்பில்லாத சுருக்கத்தில் எழுதி, திரும்பப் படித்து, மூலத்திலிருந்து கழித்து, மிகப் பெரிய வித்தியாசம் பூஜ்யமா என்று பார்ப்பது. இருபதும் பூஜ்யம். ஜேபெக்கில் இப்படிப் பார்க்க முடியாது, ஜேபெக் லைப்ரரியின் பதிப்பைப் பொறுத்துப் பிக்சல் எண்கள் லேசாக மாறும், கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு தனியாக ஒரு பில்டு. மீசனில் அது ஒரே ஆப்ஷன். மெதுவாக ஓடும், பைத்தான் சோதனைக்கு சானிடைசர் லைப்ரரியை முன்கூட்டியே ஏற்றச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பைத்தான் அதோடு பில்டு ஆனது இல்லை. தேவையில்லாத எச்சரிக்கைகளை ஒதுக்கும் கோப்புகளையும் மூலத்தோடேயே தந்திருக்கிறார்கள். இது தவிர கூகுளின் ஓஎஸ்எஸ் ஃபஸ்ஸிலும் இந்த லைப்ரரி இருக்கிறது; கன்னாபின்னாவென்று கெட்டுப்போன கோப்புகளைக் கொடுத்துக் கொடுத்து உடைக்கப் பார்க்கும் சேவை அது. யாரோ அனுப்பும் கோப்புகளைத் திறக்கும் சர்வர் வைத்திருப்பவர்கள், கோப்பைத் திறக்கும் நிரல்களில் நம்பகமில்லாதவற்றைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்று 8.13இலிருந்து இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடித்துத்தான் வரைபடத்தைக் கொடுத்தேன். டீப் ஜூம் டைலாக வெட்டச் சொன்னேன், கூகுள் மேப்பில் பெரிதாக்குவது மாதிரி பிரௌசரில் பெரிதாக்கிப் பார்க்க. இயல்பு அளவு 254 பிக்சல் டைல். மேல் அடுக்கில் மட்டும் 79க்கு 111, அதாவது 8,769 சின்னப் படங்கள். மௌஸ் நகர்ந்தது, பிரௌசர் திறந்திருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் வேலை முடிந்துவிட்டது. இத்தனை ஆயிரம் கோப்பை பென்டிரைவில் காப்பி செய்வது பெரும்பாடு என்பதால் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக எழுதும் ஆப்ஷனும் வைத்திருக்கிறார்கள். இந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள் எழுதியது என்று இந்த மாதிரி இடங்களில்தான் தெரிகிறது.

சாதாரணப் பக்கங்களுக்குத் தம்ப்நெயில் கட்டளை. ஜேபெக்கைத் திறக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் பிரித்தெடுக்கும் வசதி ஜேபெக் லைப்ரரியிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்வதால் முழுப் படத்தையும் பிரிக்காமலே சிறுபடம் வந்துவிடும். ஒரு ஃபோல்டர் முழுக்க ஓட்டினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தமிழுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இதழ் பெயர், மாதம் எழுதி ஒட்டுகிறோம். பில்லோவில் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம் லைப்ரரி இல்லாமல் ஓட்டினால் "கொ" என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் வராது, ககரம் தனியாக நிற்கும், உயிர்க்குறி அதன் பின்னால் ஒட்டாமல் போய் உட்காரும். லிப்விப்ஸ் எழுத்தைப் பாங்கோவிடம் கொடுத்துவிடுகிறது. "கொக்கு", "ஸ்ரீ", "பௌர்ணமி" என்று மூன்றையும் எழுதச் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூன்றும் சுத்தம். பில்டு பட்டியலில் பாங்கோ வரி யெஸ்ஸாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழில் பெயர் வைத்த கோப்புகளையும் லினக்ஸில் எந்தத் தகராறும் இல்லாமல் திறக்கிறது.

குறைகள். பெரியது, வரிசை முறை. படத்தைத் திறக்கும்போது "மேலிருந்து கீழாகத்தான் படிப்பேன்" என்று சொல்லித் திறந்தால் ரேம் மிகக் குறைவாகப் போகும். ஆனால் 90 பாகை திருப்புகிற மாதிரி ஒரு வேலையைக் கொடுத்தால் கீழே இருக்கும் வரி முதலிலேயே தேவைப்படும், அப்போது வரிசை தப்பிய வாசிப்பு என்று ஒரு பிழை வந்து நின்றுவிடும். எந்த வேலையால் வந்தது என்று அந்தச் செய்தி சொல்லாது, எத்தனையாவது வரியில் என்று மட்டும் சொல்லும். நிரலில் பத்து வேலைகளைச் சங்கிலியாகக் கோத்திருந்தால், எல்லாம் கடைசியில் எழுதும்போதுதான் நடப்பதால், எது காரணம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் இங்கே ஒரு மாலையைச் செலவழிப்பார்கள்.

வரிசை முறையை விட்டால் இன்னொரு விஷயம் வரும். பிரித்தெடுத்த படம் 100 எம்பியைத் தாண்டினால் அதை ரேமில் வைக்காமல் தற்காலிகக் கோப்பாக டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எழுதுவது டிஎம்பி ஃபோல்டரில். என் ரூட் பார்ட்டிஷனில் 2 ஜிபிதான் மிச்சம் இருந்தது, இரண்டு வரைபடத்தை ஒன்றாகத் திருப்பியபோது இடம் போதாமல் பாதியில் நின்றது. டிஎம்பிடிர் மாறியை வேறு டிஸ்குக்குத் திருப்பியபின் சரி.

அப்புறம் கேஷ். கடைசியாகச் செய்த 100 வேலைகளை அது நினைவில் வைத்திருக்கும். கோப்பைத் திறப்பதும் ஒரு வேலைதான். மங்கலாக வந்த ஒரு பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்து அதே பெயரில் வைத்தோம், ஓடிக்கொண்டிருந்த நிரல் பழைய மங்கலான பக்கத்தையே மறுபடி கொடுத்தது. மறுபடி சரிபார்த்துத் திற என்று சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை ஸ்கேனரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். ஆவணங்கள் ஒவ்வொரு செயலுக்கும் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் இந்த மாதிரி குறுக்கே ஓடும் விஷயங்களை ஒரே இடத்தில் படிக்க முடிந்தால் நன்றாக இருக்கும். நாள்கணக்கில் ஓடும் சர்வர் நிரலாக வைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ரேமை ஒதுக்கித் தரும் லினக்ஸின் வழக்கமான மால்லாக், பல த்ரெட் சூழலில் ரேமைத் துண்டு துண்டாக்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராது, பார்ப்பதற்கு மெமரி லீக் மாதிரியே இருக்கும். அதற்கு மாற்றான ஜெமால்லாக்குக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எதற்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையாக்கி படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்டுக்குத் தமிழ் எழுத்துணரிக்காகக் கொடுக்கும் வேலைக்கு, மஞ்சளான தாளில் இடத்துக்கு இடம் வெளிச்சம் மாறும்போது சுற்றியுள்ள வெளிச்சத்தைப் பார்த்துக் கறுப்பா வெள்ளையா என்று முடிவுசெய்யும் சவோலா மாதிரியான முறை வேண்டும். லிப்விப்ஸில் அதைச் சராசரி, விலக்கம் எல்லாம் கோத்து நாமே செய்யலாம், ஆனால் லெப்டானிகா என்ற இன்னொரு பட லைப்ரரியில் தயாராக இருக்கிறது. டெசராக்டே லெப்டானிகா மேல்தான் ஓடுகிறது. சாய்வு நிமிர்த்தவும் நான் அங்கேதான் போகிறேன். முகம் கண்டுபிடிப்பது, பொருள் அடையாளம் காண்பது என்றால் ஓப்பன்சிவி. சின்னப் படங்கள், பத்து இருபது மட்டும் என்றால் பில்லோவே தாராளம், மாற்ற வேண்டாம். பெரிய படங்கள், அல்லது ஏராளமான படங்கள், செய்யும் வேலை எளிது, ரேம் குறைவு என்றால் லிப்விப்ஸுக்குப் பக்கத்தில் வேறு எதையும் நான் வைக்க மாட்டேன். எல்ஜிபிஎல் உரிமம், காசு கிடையாது. பில்டு செய்யப் பிடிக்காதவர்களுக்கு விண்டோஸ் பைனரியும் தயாராகக் கிடைக்கிறது.

இப்போது எங்கள் ஸ்கேன் இருக்கும் டிஸ்கில், வருட ஃபோல்டர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைத்திருக்கிறேன். அந்த யெஸ் நோ பட்டியல், வெர்ஷன் எண், ஸ்கிப் ஆன சோதனைகள், எந்தத் தேதியில் பில்டு செய்தது. போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி தன் கணினியில் பில்டு செய்தபோது அவனுடைய பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனுக்கு வெப்பி வரியில் நோ.